நடுத் துணி

பெயின்டர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கரகரக்கும். அவர்கள் வீட்டுச் சண்டையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவைத்தால்தான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்காமல் இருக்க முடியும்.

நாங்கள் இருவரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். மோதி நசுங்கி வரும் வண்டிகளை நான் தட்டி நிமிர்த்துவேன். நான் தட்டிய தழும்பு தெரியாமல் அவர் பட்டி பூசி, ஈர உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடிப்பார். பட்டறைக்குப் பின்னால் தகரம் அடித்த ஓர் அறை உண்டு. தூசி ஒட்டிவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே போவார். கம்ப்ரஸர் உறும ஆரம்பித்தால் அரை நாள் ஆளைப் பார்க்க முடியாது. மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டியிருப்பார். கொஞ்ச நேரத்தில் அதுவும் கழுத்துக்கு இறங்கிவிடும். முதலாளி வாங்கிக் கொடுத்த ரப்பர் மாஸ்க் ஒன்று, இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்தது, சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதைப் போட்டால் வியர்க்கிறது, பெயின்டின் ஈரப் பளபளப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்று சாக்குச் சொல்வார். வெளியே வந்து அவர் எச்சில் துப்பினால், அன்றைக்கு என்ன நிற வண்டி என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாங்கள் எல்லோரும் அதற்குச் சிரித்திருக்கிறோம்.

கொரோனா வந்தபோது அவரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்து, பிழைத்து வந்தார். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இனிமேல் ஒரு சளி சரியாக நெஞ்சில் கட்டினாலும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்குப் பிறகு பெயின்டருக்கு உலகம் என்பது முன்னறை ஜன்னலோரம் போட்ட ஒரு கைவைத்த நாற்காலிதான். கக்கூஸுக்குப் போக எழுந்தால் வழியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்.

அவர் மனைவி, எனக்கு அண்ணி முறை, தையல்காரி. அவர் படுத்த பிறகு வீடு அவள் காலில்தான் ஓடியது. அந்த நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் அவளுடைய மிஷின். ஊரே மாஸ்க் கேட்டு நின்ற காலத்தில் மூட்டை மூட்டையாகத் தைத்துக் கொடுத்தவள். வெளியே பூப்போட்ட பருத்தி, உள்ளே மெல்லிய வெள்ளைத் துணி, நடுவில் நெருக்கமாக நெய்த முரட்டுத் துணி. கையில் எடுத்துக் காட்டி, "நடுத் துணிதான் தம்பி மாஸ்க்கு. மத்த ரெண்டும் சும்மா அலங்காரம்" என்பாள்.

அந்த நாற்காலிக்கும் மிஷினுக்கும் நடுவில் இருந்த சந்தில் பக்கவாட்டாக நுழைந்து ஓடுவாள் அவர்கள் மகள். அதனால் அவளுக்கு நண்டு என்று பெயர். நாலாம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இழுப்பு. பனி, புகை, மழைக்கால ஈரச் சுவர், எது பட்டாலும் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். புத்தகப்பையில் பென்சில் இல்லாமல் போனாலும் போகும், இன்ஹேலர் இல்லாமல் போகாது.

ஆக ஒரே வீட்டில் இரண்டு நெஞ்சு, இரண்டும் பழுது. பிள்ளை மாஸ்க் போட்டால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. போடாவிட்டால் வகுப்பிலிருக்கும் அத்தனை பிள்ளைகளின் சளியையும் வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். பேசாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே ஒருமுறை சொன்னேன். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதையே மறந்துபோனதைப் பார்த்துப் பயந்தவர் பெயின்டர். என்னோட போகட்டும் இந்தத் தகரக் கொட்டகைப் பிழைப்பு, அவள் படிக்கணும் என்று சொல்லி வாயை மூடவைத்துவிட்டார்.

ஊரில் நோய் அடங்கியதும் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இனிமேல் மாஸ்க் கட்டாயமில்லை, பெற்றோர் விருப்பம், போடுகிற பிள்ளைகளை ஜன்னல் பக்கம் தனி பெஞ்சில் உட்காரவைப்போம் என்றார்கள். பெயின்டர் நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். என் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். வாசலிலிருந்து கூடத்துக்கு நடப்பதற்குள் மூன்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல பொறுமைசாலி. ஆனால் அன்றைக்கு அவர் பொறுமையையும் சோதித்துவிட்டார்கள். பிள்ளைகளை மூச்சு முட்ட வைத்தே கொன்றுவிடுவீர்கள் என்று ஒருவர் கத்த, உங்கள் பிள்ளை தும்மி என் பிள்ளை சாகணுமா என்று இன்னொருவர் கத்த, கூடம் சந்தைக்கடை ஆனது. கடைசியில் அவர் மேஜையைத் தட்டி, மாஸ்க் வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். பெயின்டர் தூக்கினார். வேண்டாம் என்கிறவர்கள் என்றதும் பக்கத்து நாற்காலியில் அண்ணி தூக்கினாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை.

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு பெஞ்ச் போட முடியாதுங்க. வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

வீட்டில் பேசினார்கள். அன்று சாயங்காலம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சுவர் எனக்கு முழுதாகச் சொன்னது.

"நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்ட."

"நீங்க தூக்கினீங்க, நானும் தூக்கினேன். அதுல என்ன அசிங்கம்?"

"வயசெல்லாம் கைக்குட்டையக் கழுத்துல போட்டுக்கிட்டு பெயின்ட் அடிச்சவன்டி நான். மூக்க மூடாம விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? என்னைப் பாத்தாலே உனக்குத் தெரியலயா?"

"தெரியுது. தெனமும் உங்களத்தான பாத்துக்கிட்டு இருக்கேன். அவளயும் பாக்குறேன். மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போறதுக்குள்ள கழுத்துக் குழி உள்ள போயிட்டுப் போயிட்டு வருது. ஒதடு கருத்துப் போகுதுன்னு டீச்சரே கூப்பிட்டுச் சொல்றாங்க."

"மெதுவா ஏறச் சொல்லு."

"மெதுவாத்தாங்க ஏறுறா."

பெயின்டர் இருமி, துப்பி, மூச்சு சேர்த்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

"அவ எதையாச்சும் கொண்டாந்துட்டா நான் போயிருவேன். தெரியும்ல உனக்கு? போனாப் போறான்னு தோணிருச்சா?"

மிஷின் ஓட ஆரம்பித்தது. அப்படி ஒரு ஆவேசத்தில் அந்த மிஷின் ஓடி நான் கேட்டதில்லை. என்ன தைத்தாளோ, எத்தனை முறை பிரித்தாளோ.

மறுநாள் நண்டு நீலநிற மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அண்ணியே காதில் மாட்டிவிட்டாள். பெயின்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையாட்டினார். சண்டை அதோடு நின்றது. பிள்ளை இப்போதெல்லாம் படியேறச் சிரமப்படுவதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பினார். பெயின்டருக்கு ஒரே பெருமை. பழகிக்கிச்சு பாத்தியா, எல்லாம் பழக்கம்தான் தம்பி என்று என்னிடம் சொன்னார். அண்ணி தலை நிமிராமல் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பிள்ளை மாறிப்போனாள். அதை எல்லோரும் பார்த்தோம், ஒருவருக்கும் விளங்கவில்லை.

முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் அப்பா நாற்காலியின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் படிப்பாள். கம்ப்ரஸர் சத்தத்தில் பெயின்டருக்குக் காதும் பாதி போயிருந்தது. காதோரமாகப் படித்தால்தான் கேட்கும். அவளும் அவர் தோளில் சாய்ந்து கத்திக் கத்திப் படிப்பாள். ஆறுகள், மன்னர்கள், தாவரத்தின் பாகங்கள் என்று நானும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நாலாம் வகுப்பு ஒருமுறை படித்து முடித்தேன். நாள் முழுக்க அந்த நேரத்துக்காகத்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு என்ன இருந்தது?

அது நின்றுபோனது. இப்போது டீ டம்ளரைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் டக்கென்று வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், வாயைத் திறப்பதில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் வரிசையில் மூன்று வீட்டுக்கும் பொதுவான நடையில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது நடையில் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்று புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். யாரைத் துரத்திட்டு வர்ற என்று கேட்டேன். ஒண்ணுமில்ல மாமா என்றாள். பள்ளிக்கூடத்தில் வராத இழுப்பு இப்போது வீட்டில் வந்தது. அண்ணி, ஈரச் சுவர் என்றாள். பெயின்டர், மிஷின் பஞ்சு என்றார். அதற்கும் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

பெயின்டர் உடைந்துபோனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"என்னைக் கண்டா அவளுக்குப் புடிக்கல தம்பி. பக்கத்துல வந்தா மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கிறா. சீக்காளி நாத்தம் அடிக்குதோ என்னமோ. பெத்த புள்ளைக்கே சலிச்சுப் போற அளவுக்குக் கெடந்துட்டேன்."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிள்ளை மனசு, வளர்கிற வயசு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு அந்த விடாத மழை. மூன்று வீட்டுத் துணியும் நடையில் கொடி கட்டித் தொங்கின. எதுவும் காயவில்லை, எல்லாம் ஊசிப்போன நாற்றம். நண்டுவின் மாஸ்க்கோடு, அண்ணி கடைத்தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகும் மாஸ்க்கும் ஒரே கொடியில், ஒரே நேரத்தில் துவைத்துப் போட்டது. பெயின்டருக்கு ஜன்னல் வழியாகத் தெரிவது அந்தக் கொடி ஒன்றுதான்.

வாழ்நாள் முழுக்கப் பூச்சு காய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஈரம் எப்போது மங்குகிறது, எப்போது விரல் வைக்கலாம் என்று எட்டி நின்றே சொல்லிவிடுவார். அன்று நான் அவருக்கு பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதை வாங்காமல் கொடியையே காட்டினார்.

"அந்த நீலத்த எடு."

எடுத்தேன். காய்ந்திருந்தது. பக்கத்தில் அண்ணியுடைய மாஸ்க்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். அப்புறம் தீப்பெட்டி கேட்டார். மாஸ்க்கை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டு, குச்சியைக் கிழித்து முன்னால் பிடிக்கச் சொன்னார். நல்ல மாஸ்க் என்றால் எவ்வளவு ஊதினாலும் தீ அசையக் கூடாது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சோதித்துப் பார்த்து வாங்கினோம். பெயின்டருக்கு ஊதுகிற பலம் எங்கே இருக்கிறது? ஆனாலும் அவர் மூச்சுக்கே தீ சாய்ந்தது.

அண்ணி மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நடுத் துணி எங்க?" என்றார்.

அவள் பொய் சொல்லவில்லை. "எடுத்துட்டேன்."

"எப்ப?"

"கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே. எல்லாத்துலயும் எடுத்துட்டேன்."

"என்னைக் கொல்லப் பாத்திருக்க."

"அவளக் கொல்லாம பாத்துக்கிட்டேன்." அண்ணி மிஷினை விட்டு எழுந்து நின்றாள். "ரெண்டு பேரும் பொழைக்கிற மாதிரி ஒரு மாஸ்க்கு இருந்தாச் சொல்லுங்க. கண்ணு போனாலும் பரவால்ல, விடிய விடிய ஒக்காந்து தைக்கிறேன். இல்லல்ல? அப்ப நான் யாரைப் பாக்குறது? நீங்களே சொல்லுங்க, யாரைப் பாக்குறது?"

பதில் இல்லாத ஆம்பளை செய்வதைத்தான் அவரும் செய்தார். பிள்ளையைக் கூப்பிட்டார்.

நண்டு சமையலறையிலிருந்து வந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். பெயின்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, மாஸ்க்கை முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"இது உனக்குத் தெரியுமா?"

அவள் பேசவில்லை.

"ஒன்னத்தான் கேக்குறேன். அம்மா இதுல துணிய எடுத்தது தெரியுமா, தெரியாதா?"

கன்னம் உப்பியபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை விடுவித்துக்கொள்ள முறுக்கினாள். அவர் விடவில்லை. வாயைத் திற, வாயைத் திறந்து பேசு என்று குரலை உயர்த்தினார். அது இருமலாகி, குனிந்து குலுங்கினார். அந்த இருமலுக்கு நடுவிலும் மணிக்கட்டை விடவில்லை. பிள்ளை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. எவ்வளவு திமிர் பார் என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம்தான் அவள் உதடு கருத்து வருவதைக் கவனித்தேன். நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை.

"அண்ணே, கைய விடுங்க. புள்ள மூச்சு விடல."

அவர் விட்டார். நண்டு நாற்காலிக்கும் மிஷினுக்கும் நடுவில் புகுந்து நடைக்கு ஓடி, அங்கே போய்த்தான் வாயைத் திறந்தாள். உள்ளே இழுத்த காற்று பாதியிலேயே சிக்கி விசில் அடித்தது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அண்ணி இன்ஹேலரை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன முதுகெலும்பு துடித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

வெகுநேரம் கழித்து விசில் அடங்கியது. அண்ணி அவள் முகத்தைத் துடைத்து, ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று கேட்டாள்.

"நீ துணிய எடுக்கறப்ப நான் பாத்தேன்ல. அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னல்ல."

"ஆமா."

"அப்ப இஸ்கூல்ல இருக்கறதெல்லாம் என் மூச்சுக்குள்ள வந்துருக்கும்ல? அப்பா மேல பட்டா அப்பா செத்துருவாரு. அதான் உள்ள போறப்ப மூச்சப் புடிச்சுக்குவேன். டீ வெச்சுட்டு வர்ற வரைக்கும் முடியும்மா. படிக்கிறதுக்குத்தான் முடியல."

கதவு திறந்துதான் கிடந்தது. காது மந்தமானவர் என்றேன் அல்லவா? அன்றைக்கு அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அந்த நீலத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அழுவதற்குக்கூட அவருக்கு மூச்சுப் போதவில்லை. விட்டு விட்டு அழுதார். அண்ணி நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் அவரைத் தேற்றவும் முடியாமல், பிள்ளையை விட்டு எழவும் முடியாமல் வாசற்படியில் தலையை முட்டிக்கொண்டாள்.

மழை விட்ட மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ரப்பர் மாஸ்க்கு இன்னும் ஆணியில தொங்குதா தம்பி?"

தொங்கியது. யாரும் தொடாததால் தூசி படிந்து, பட்டை இற்றுப்போயிருந்தது. புது வடிகட்டி வாங்கிப் போட்டுக் கொண்டுபோனேன். வழியெல்லாம் டாக்டர் சொன்னதுதான் மனதில் ஓடியது. இதைப் போட்டால் நல்ல நெஞ்சுக்காரனே திணறுவான், உங்களால் தாங்க முடியாது என்று அவரிடமே சொன்னேன்.

"நாள் பூரா இல்லப்பா. அவ படிக்கிற நேரம் மட்டும்."

பட்டைக்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்துத் தைக்க அண்ணியிடம் கொடுத்தார். இருவரும் அதுவரை முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அவள் அளவெடுக்க அவர் தலையைச் சுற்றி எலாஸ்டிக்கைப் பிடித்தாள்.

"இன்னும் இறுக்கு" என்றார்.

"தாங்க மாட்டீங்க."

"இறுக்குன்னா இறுக்கு. டப்பாக்குள்ள இருக்கறது இருக்கட்டும். உன் கைவரிசையை இதுலயும் காட்டிறாத."

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவர் பின்னந்தலையில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நண்டு வாசற்படியில் புத்தகத்தோடு நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், உப்பியிருந்த கன்னத்தோடு சிரிப்பு முட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"ஐயய்யோ, ஈ மாதிரி இருக்கீங்கப்பா."

அவர் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டிக் காட்டினார். இவள் முகத்தில் எந்தத் துணியும் இல்லை. ஏறி உட்கார்ந்து, தோளில் சாய்ந்து, புத்தகத்தைப் பிரித்தாள். மேகம் எப்படி மழையாகிறது என்று ஒரு பாடம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் கத்தல் குரல் எங்கள் வரிசை வீடுகளில் கேட்டது. நான் வாசலில் சைக்கிள் துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். அண்ணி மிஷினில் கையை வைத்தபடி தைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு மூச்சுக்கும் மாஸ்க்கின் வாயில் இருந்த சின்ன ரப்பர் மூடி டப், டப் என்று அடித்தது. முதலில் நிதானமாக அடித்தது. அடுத்த பத்திக்கு வந்தபோது அந்தச் சத்தம் அவள் படிப்பை முந்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. இறங்கு என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. படி, படி என்று விரலால் சைகை காட்டினார். நண்டு ஓரக்கண்ணால் அந்தத் தோளைப் பார்த்தாள். இரண்டு வரி வேகமாகப் படித்தாள். பிறகு சட்டென்று புத்தகத்தை மூடினாள்.

"பாடம் முடிஞ்சிருச்சுப்பா."

சொன்ன கையோடு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் மாஸ்க்கைக் கழற்றினார். முகம் முழுக்க வியர்வை, மூக்கைச் சுற்றிச் சிவந்த தடம். பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இம்புட்டுச் சின்னப் பாடமா?"

அவள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினாள். கைப்பிடியிலிருந்து இறங்கி, சந்தில் பக்கவாட்டாக நுழைந்து, என்னைத் தாண்டி நடைக்கு ஓடினாள். மூடிய புத்தகத்தின் நடுப் பக்கத்தில் அவள் விரல் அப்படியே செருகியிருந்தது.